2,000 ரூபாய்க்குள் டிடி பேட்: ரெடிமேடா, ஒட்டிக்கொள்வதா?

கேள்வி: 5 ஜனவரி 2025, ஞாயிறு

ஆபீஸ் மொட்டைமாடியில் டேபிள் டென்னிஸ் (டிடி) மேசை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். கல்லூரியில் ஆடியதோடு சரி, 12 வருஷம் ஆகிவிட்டது. பேட்டுக்கு 2,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கடைக்காரர் 1,850 ரூபாய்க்கு ஒரு ‘ஃபைவ் ஸ்டார் கார்பன்’ பேட் எடுத்துக் காட்டினார். கூட ஆடும் சீனியர் ஒருவர், பிளேடு (பேட்டின் மரப்பகுதி) தனி, ரப்பர் தனி என்று வாங்கி ஒட்டினால்தான் ஆட்டம் வரும் என்கிறார். எனக்கு அது வெறும் பில்டப்பாகத் தெரிகிறது. ரெடிமேட் போதும்தானே அண்ணா?

5 ஜனவரி, இரவு 10.40

கார்பன் வேண்டாம் தம்பி. மற்றதை அப்புறம் பேசுவோம்.

முதலில் அந்த நட்சத்திரக் கணக்கு. பேட் அட்டையில் இருக்கும் ஸ்டார்களைக் கம்பெனிகள் தாங்களே போட்டுக்கொள்கின்றன. எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவருடைய ஐந்து இன்னொருவருடைய மூன்றாக இருக்கும்.

கார்பன் என்பது மரத்தாள்களுக்கு நடுவே வைத்து ஒட்டும் மெல்லிய நார். சர்வதேச விதிப்படி பிளேடின் தடிமனில் 85 சதவீதமாவது மரமாக இருந்தாக வேண்டும். நார் அடுக்கு ஒன்று 0.35 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அவ்வளவு மெல்லியதுதான், ஆனாலும் பிளேடை விறைப்பாக்கிவிடும். பந்து பட்டதும் பறக்கும். தினமும் 3 மணி நேரம் ஆடுகிறவருக்கு அது வரம். 12 வருஷம் கழித்து வருகிற கைக்கு? புஷ் போட (மெதுவாகத் தள்ளிவிட) நினைத்த பந்து மேசையைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய்க் கிடக்கும். குனிந்து எடுக்கப் போவது நீங்கள்தான்.

ரெடிமேடில் எனக்கு மரத்தின் மேல் பெரிய புகார் இல்லை. ரப்பர்தான் பிரச்சினை. கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பந்தை மூன்று விரலால் உருளாமல் பிடித்து, ரப்பர் மேல் அழுத்தி இழுங்கள். ரப்பர் பிடித்து நிறுத்தினால் சரி. எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் போல வழுக்கினால் அதில் டாப் ஸ்பின் வராது, எத்தனை ஸ்டார் இருந்தாலும்.

என் தீர்ப்பு: ரெடிமேட் வாங்கினால் பணம் தண்டம். ஐந்து பிளை (ஐந்து மரத்தாள்), முழு மரம், ‘ஆல்ரவுண்ட்’ என்று போட்ட பிளேடு ஒன்று. இரண்டு பக்கமும் பசைத்தன்மை உள்ள சீன ரப்பர், அதற்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் இருப்பதிலேயே தடிமனாக. 2,000-க்குள் முடியும்.

மொட்டைமாடியில் காற்று அடித்தால் எந்த பேட்டும் ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2.7 கிராம் பந்து அது.

6 ஜனவரி, காலை 7.15

2,000-க்குள் முடியாது. ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன்.

பழைய பில்லைத் தேடி எடுத்தேன். 2021-ல் பிளேடு 1,150, ரப்பர் இரண்டும் சேர்த்து 1,000. இதோடு நின்றாலே 2,150. பசை 280, ஓரத்தில் சுற்றும் டேப் 60, கூரியர் 90. ஆகமொத்தம் 2,580. அதுவும் நாலு வருஷத்துக்கு முந்தைய விலை.

குறைக்க வழி இருக்கிறது. ஒரு பாட்டில் பசையில் நாலைந்து பேட் ஒட்டலாம். ஆபீஸில் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டால் பசையும் கூரியரும் பாதியாகும். ஓர டேப்புக்குப் பதில் மருந்துக்கடைத் துணி பிளாஸ்திரி போதும், பார்க்கக் காயம்பட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

பெரிய மிச்சம் வேறு இடத்தில். எந்த கிளப்பிலும் கார்பனுக்குத் தாவுகிற பையன்கள் வருஷத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள். அவர்களுடைய பழைய ஆல்ரவுண்ட் பிளேடு அலமாரியில் சும்மா கிடக்கும். தண்ணீர் படாமலும் ஓரம் உடையாமலும் இருந்தால் பத்து வருஷப் பிளேடும் புதுசு மாதிரிதான் அடிக்கும். டோர்னமெண்ட் ஆடுகிறவர்கள் ரப்பரை இரண்டு மூன்று மாதத்தில் மாற்றிவிடுவார்கள். அவர்களுக்குச் செத்த ரப்பர் நமக்கு இன்னும் ஆறு மாதம் உயிரோடு இருக்கும். உரித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு டீ செலவு.

6 ஜனவரி, மதியம்

கேட்டு வாங்குங்கள். அலமாரி திறந்திருக்கிறதே என்று எடுத்துவிட வேண்டாம்.

9 ஜனவரி

‘ஸ்பாஞ்ச் இருப்பதிலேயே தடிமனாக’ என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். நேற்று ஆடிக்கொண்டிருக்கும்போது உறைத்தது: நானே 1.8 மில்லிமீட்டர்தான் வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா?

மேல் ரப்பர், ஸ்பாஞ்ச், பசை எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர் என்பது விதி. கடையில் ஸ்பாஞ்ச் மட்டும் 1.5, 1.8, 2.0, 2.2 என்று கிடைக்கும். தடிமன் கூடக்கூடப் பந்து உள்ளே அமுங்கி வில் மாதிரி திரும்பி வரும். வீசி அடிக்கிறவனுக்கு அது பலம். மெல்லிய ஸ்பாஞ்சில் பந்து சீக்கிரமே மரத்தைத் தொட்டுவிடும், கையில் ஒரு ‘டொக்’ தெரியும். அந்த டொக் தெரிந்தால்தான் எங்கே பட்டது, எவ்வளவு வேகமாகப் பட்டது என்று கை கற்றுக்கொள்ளும். 1.8 வாங்குங்கள். பேக்ஹேண்டில் 1.5 போட்டாலும் தப்பில்லை.

இரண்டாவது, ‘இரண்டு பக்கமும் பசைத்தன்மை உள்ள சீன ரப்பர்’. இதிலும் பாதி தப்பு. புது சீன ரப்பரில் பந்தை அழுத்தி வைத்துத் தலைகீழாகத் தூக்கினால் பந்து ஒரு விநாடி தொங்கும். கடையில் இதைக் காட்டினால் யாருக்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் அந்த ரப்பருக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் பெரும்பாலும் கட்டி. தானாக எதையும் தராது. தோளைத் திருப்பி முழுசாகச் சுழற்றினால்தான் சுழல் வரும். ஃபோர்ஹேண்டில் அதற்கு இடம் இருக்கிறது. பேக்ஹேண்டில் நம் போன்றவர்கள் முழங்கையை மட்டும் ஆட்டுவோம், அங்கே பந்து வலையில் போய் உட்காரும். பேக்ஹேண்டுக்குக் கொஞ்சம் மெத்தென்ற, பசையில்லாத ரப்பர் போதும்.

ஸ்பாஞ்ச் எவ்வளவு கட்டி என்று அட்டையில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். சீன அட்டையில் போட்ட 40-ம் ஐரோப்பிய அட்டையில் போட்ட 40-ம் வேறு வேறு. அளவுகோலே வேறு, சீன 40 கணிசமாகக் கட்டி.

பெயர் சொல்லுங்கள் என்றால்: ஃபோர்ஹேண்டுக்கு 729 சூப்பர் எஃப்எக்ஸ் அல்லது யின்ஹே மெர்குரி 2, இரண்டும் நான் ஆடிப் பார்த்தவை. பேக்ஹேண்டுக்கு யசாகா மார்க் ஃபைவ் போட ஆசை. 1969-ல் வந்த ரப்பர், இன்னும் விற்கிறார்கள். என் பட்ஜெட்டிலிருந்து அது எப்போதும் ஒரு முழம் தள்ளியே நின்றது. பட்டர்ஃபிளை டெனர்ஜியைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதில் ஒரு ஷீட் விலைக்கு நம் பேட் இரண்டு செய்யலாம்.

12 ஜனவரி, ஞாயிறு

எப்படி ஒட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். எப்படி ஒட்டக்கூடாது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதில்தான் எனக்கு அனுபவம் அதிகம்.

முதல் பேட் ஒட்டியபோது டிடி பசைக்கு 280 ரூபாயா என்று கோபம். வீட்டில் தச்சர் விட்டுப்போன வெள்ளைப் பசை அரை டப்பா இருந்தது. மரத்துக்குத்தானே ஒட்டுகிறோம், மரப்பசை போதாதா? தாராளமாகத் தடவி, ரப்பரை வைத்து, மேலே டிக்‌ஷனரி, அதன் மேல் அரிசி டப்பா ஏற்றிவிட்டுத் தூங்கப்போனேன்.

காலையில் எடுத்தால் பிளேடு அப்பளம் மாதிரி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. மேலே ரப்பர் மூடியிருப்பதால் பசையில் இருந்த தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை, எல்லாம் மரத்துக்குள் இறங்கிவிட்டது. நடுப்பகுதி இன்னும் ஈரம். ஓரம் காய்ந்து கல்லாகிவிட்டது. பந்தைத் தட்டினால் ஓரத்தில் ஒரு சத்தம், நடுவில் ஒரு சத்தம். சரி, உரித்துவிடலாம் என்று மூலையைப் பிடித்து இழுத்தேன். ரப்பர் வந்தது. ரப்பரோடு ஸ்பாஞ்ச் பாதி வந்தது. ஸ்பாஞ்சோடு மரத்தின் மேல் தாள் ஒரு விரல் அகலத்துக்கு, ஹேண்டில் பக்கமிருந்து நுனி வரை, வாழைப்பட்டை மாதிரி உரிந்து வந்தது. 280 மிச்சம் பிடிக்கப் போய் 1,650 ரூபாய்க்கு மொய் எழுதினேன்.

இப்போது செய்வது இது. பிளேடில் முதலில் வார்னிஷ், மிக மெல்லிசாக ஒரே கை. அடுத்த முறை ரப்பரை உரிக்கும்போது நார் வராமல் இருக்கத்தான் இது. ஒருநாள் முழுக்கக் காயவிடவும். அப்புறம் தண்ணீர் சேர்ந்த டிடி பசையை ஐந்து ரூபாய் நாணய அளவு ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, ஒரே திசையில் தடவ வேண்டும். ரப்பரின் ஸ்பாஞ்ச் பக்கம் இரண்டு கை, மரத்தில் ஒரு கை. ஸ்பாஞ்ச் குடிக்கும், அதனால் அதற்கு முதலில் தடவுங்கள்.

இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறோம். பசை பால் வெள்ளையாக இருக்கும்வரை கையை வைக்கக் கூடாது. கண்ணாடி மாதிரி நிறமில்லாமல் ஆன பிறகுதான் ஒட்ட வேண்டும். ஃபேன் காற்றில் 20 நிமிடம். சென்னை மழைக்காலம் என்றால் முக்கால் மணி நேரம்கூட ஆகும். காய்ந்த பசையும் காய்ந்த பசையும் தொட்டதும் பிடித்துக்கொள்ளும், திருத்த அவகாசம் தராது. அதனால் ரப்பரின் நேர்விளிம்பை ஹேண்டில் ஆரம்பிக்கும் இடத்தில் சரியாக வைத்துவிட்டு, அங்கிருந்து நுனி நோக்கிப் பூரிக்கட்டையால் உருட்டிக்கொண்டே போங்கள். இழுத்து ஒட்ட வேண்டாம், இழுத்த ரப்பர் ஒரு வாரத்தில் சுருங்கி ஓரம் காட்டும்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம். காய்கறி வெட்டும் பலகையில் பேட்டைக் கவிழ்த்து வைத்து, புது பிளேடால் (சவரம் செய்யும் பிளேடு, இந்த விளையாட்டில் எல்லாமே பிளேடுதான்) மரத்தின் ஓரத்தை ஒட்டி, நிறுத்தாமல் ஒரே சுற்று. நிறுத்தி நிறுத்தி வெட்டினால் எலி கடித்த மாதிரி வரும். என் முதல் மூன்று பேட்டும் எலி கடித்தவை.

13 ஜனவரி

ஒன்று விட்டுப்போனது. வாங்கும்போது ஹேண்டில் எழுத்தைப் பாருங்கள். எஃப்.எல். என்றால் அடி விரிந்தது, எஸ்.டி. என்றால் நேரானது. இரண்டில் எதுவும் சரி. சி.எஸ். என்று இருந்தால் பேட்டைப் பேனா மாதிரி பிடிப்பவர்களுக்கான குட்டை ஹேண்டில். நான் ஒருமுறை 200 ரூபாய் குறைவாக இருக்கிறதே என்று அதை வாங்கி, பார்சலைப் பிரித்ததும் உடைந்து வந்திருக்கிறது என்று கடைக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அந்தக் கடைக்காரர் கடைசிவரை சிரிக்கவில்லை. பெரிய மனிதர்.

16 ஜனவரி, குலசேகரத்திலிருந்து

பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். விஷயம் பேட்தான், கொஞ்சம் சுற்றி வருகிறேன்.

முதன்முதலில் டிடி பசை பாட்டிலைத் திறந்தபோது மூக்கில் ஏறிய வாசனை எனக்குப் புதுசாக இல்லை. எங்கேயோ முகர்ந்தது. ஒரு நிமிஷம் யோசித்தபின் பிடிபட்டது: எங்கள் வீட்டுப் பின்புறம். அது ரப்பர் பாலேதான், உறையாமல் இருக்க அமோனியா சேர்த்தது. குமரி மாவட்டத்தில் விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார்கள், வெயில் ஏறினால் ஒழுக்கு குறைந்துவிடும். சிரட்டையில் சொட்டுச் சொட்டாக விழுகிற பால் பார்க்க அச்சு அசல் பசும்பால். எடுக்காமல் விட்டால் உறைந்துவிடும். சிரட்டையில் ஒட்டிக் காய்ந்ததுதான் ஒட்டுப்பால். சின்ன வயதில் அதைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்வோம். அது துள்ளுகிற துள்ளலுக்கு இன்றைய எந்த டெனர்ஜியும் பக்கத்தில் நிற்காது.

ஆக, வீட்டிலேயே பசை ஓடுகிறது, நான் சென்னையில் 280 கொடுத்து வாங்குகிறேன். போன வருஷம் மாமாவிடம் சொல்லி, அமோனியா விட்ட தோட்டத்துப் பால் ஒரு பாட்டில் கொண்டுபோனேன். தடவினால் தண்ணீர் மாதிரி ஓடியது. மரத்திலிருந்து வரும் பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி தண்ணீர். நாலு கை தடவ வேண்டியிருந்தது, நடுநடுவே திரி திரியாகக் கட்டி. ஒட்டியது உண்மை. இரண்டு வாரத்தில் நுனியில் காது மாதிரி கிளம்பிக்கொண்டதும் உண்மை. மில்லில் சுழற்றிக் கெட்டியாக்கிய 60 சதவீதப் பால் என்றால் சரியாக வரும் என்று மாமா இப்போது சொல்கிறார். அது 200 லிட்டர் பீப்பாயில்தான் வருமாம். எத்தனை பேட் ஒட்டப்போகிறாய் என்று கேட்டார்.

வெள்ளைப் பசை கெடுத்ததையும் இது கெடுக்காததையும் இப்போது சேர்த்துப் பார்த்தால் புரிகிறது. காய்ந்த ரப்பர் பால் மரத்துக்குள் இறங்கி இறுகாது, மேலே தோல் மாதிரி படிந்து நிற்கும். நம் பேட் ரப்பரோடு அதுவும் வளையும். வேண்டாம் என்றால் தோலாகவே உரிந்து வரும்.

26 ஜனவரி

எடை. தெரு முனை மளிகைக்கடை மின்னணுத் தராசில் போட்டுப் பார்த்தேன். அண்ணாச்சி முதலில் முறைத்தார், அப்புறம் அவரே ஆர்வமாகிவிட்டார். பிளேடு 86 கிராம், வெட்டிய ஃபோர்ஹேண்ட் ரப்பர் 48, பேக்ஹேண்ட் 44. ஒட்டி முடித்து டேப்பும் சுற்றியபின் 182. பசையும் டேப்பும் 4 கிராம்.

180-ஐ ஒட்டி இருந்தால் நமக்குச் சுகம். 195 தாண்டினால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு பேச ஆரம்பிக்கும். பசைத்தன்மை உள்ள கட்டி ரப்பரை இரண்டு பக்கமும் தடிமனாகப் போட்டால் எளிதாக அங்கே போய்விடும். 5-ம் தேதி நான் உங்களுக்குச் சொன்ன பேட் அதுதான். வாங்கியிருந்தால் மன்னிக்கவும்.

9 பிப்ரவரி

பின்பக்கம் லாங் பிம்பிள்ஸ் (நீளமான புள்ளிகள் வெளியே நீட்டி நிற்கும் ரப்பர்) ஒட்டினால் எதிராளி குழம்பிப்போவாராமே, நம் வீராங்கனை மனிகா பத்ரா மாதிரி ஆடலாமே, அது மலிவும்கூட என்று ஒருவர்.

மலிவுதான். ஸ்பாஞ்ச் இல்லாமல் வாங்கினால் எடையும் இல்லை. எதிராளி சுழற்றி அனுப்பியது அவருக்கே தலைகீழாகத் திரும்பிப் போகும். ஆபீஸில் நாலு பேரை ஒரு மாதம் அழவைக்கலாம். ஐந்தாவது மாதம் அவர்கள் பழகிவிடுவார்கள், உங்களுக்கு பேக்ஹேண்ட் என்ற ஒன்றே வந்திருக்காது. மனிகா அதை வைத்து ஆடுகிறார் என்றால் ஆட்டத்தின் நடுவே பேட்டைக் கையில் திருப்பித் திருப்பி எந்தப் பக்கத்தை எப்போது காட்டுவது என்று தெரிந்து ஆடுகிறார்.

அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் இருக்கும். எந்தப் பக்கத்தால் அடித்தார் என்றே தெரியாது. காதால் கண்டுபிடிப்பார்கள் என்று சர்வீஸ் போடும்போது காலைத் தரையில் ஓங்கி உதைத்துச் சத்தத்தை மறைப்பார்கள். 1986-லிருந்துதான் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. இன்றும் அதே.

பேட்டை வைத்து உலகத்தைக் குழப்பிய கதை என்றால் நம் பம்பாய்தான். 1952-ல் அங்கே உலகப் போட்டி. ஆசியாவில் நடந்த முதல் உலகப் போட்டி அது. மற்றவர்கள் கையில் புள்ளி ரப்பர் பேட், டக் டக் என்று சத்தம். ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்தார். பந்து பட்டால் சத்தமே இல்லை. எப்போது அடித்தார், எவ்வளவு வேகம் என்று காதுக்கு எதுவும் எட்டாமல் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் தடுமாறினார்கள். ஆண்கள் ஒற்றையர் பட்டம் அவருக்குப் போனது. அதன்பின் வந்த குழப்பத்தில் 1959-ல் பேட்டின் ரப்பருக்குத் தடிமன் வரம்பு கட்டினார்கள். மேலே சொன்ன 4 மில்லிமீட்டர் அங்கிருந்து வருகிறது.

10 பிப்ரவரி

‘இன்றும் அதே’ தப்பு. 2021 அக்டோபரிலிருந்து ஒரு பக்கம் கறுப்பாக இருந்தால் போதும்; மறுபக்கம் சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலம் எதுவும் வைக்கலாம். சுட்டிக்காட்டிய திருச்சி நண்பருக்கு நன்றி. நிறம் மாற்றினால் ஆட்டம் மாறாது, விலை மாறும்.

30 மார்ச்

இந்த வாரம் சென்னை நேரு ஸ்டேடியத்தில் டிடி வீரர் சரத் கமலின் கடைசிப் போட்டி. போயிருந்தேன். கண்ணில் பட்டது பேட் விஷயம் ஒன்றுதான். ஆட்டத்துக்கு முன் இருவரும் பேட்டை மாற்றிக்கொண்டு, எதிராளியின் ரப்பரைத் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். எதிராளியிடம் காட்டியே ஆக வேண்டும், விதி அது. நம் ஆபீஸ்களில் பேட்டைத் தொட்டாலே சண்டை.

2008 வரை ‘ஸ்பீடு கிளூ’ என்று ஒன்று இருந்தது. ஆவியாகும் கரைப்பான் கலந்த பசை. ஆட்டத்துக்கு முன் ஒட்டினால் ஸ்பாஞ்ச் உப்பி, பந்து பீரங்கி மாதிரி போகும். ஆவியை முகர்வது உடம்புக்குக் கேடு என்று தடை வந்தது. நாங்கள் 1990-களில் சர்ச் ஹாலில் சைக்கிள் பஞ்சர் சொல்யூஷனை வைத்தே அதைச் செய்தோம். இரண்டு ரூபாய் டியூப். அடிக்கும்போது ‘ப்ளிங்’ என்று சத்தம் வரும், ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் தலைவலியும் வரும். பட்ஜெட் வழி என்று யாராவது இதை இன்னும் சொன்னால் கேட்காதீர்கள்.

அப்போதைய பந்து செல்லுலாய்டு. உடைந்த பந்தை முகர்ந்தால் கற்பூர வாசனை, அதில் கற்பூரம் சேர்ப்பார்கள். இப்போதைய பிளாஸ்டிக் பந்தில் ஒன்றும் வருவதில்லை.

கேள்வி கேட்டவர்: 20 ஏப்ரல்

அண்ணா, கிளப்பில் ஒரு பையனிடம் பழைய ஐந்து பிளை பிளேடு 500-க்குக் கிடைத்தது. ஃபோர்ஹேண்ட் ரப்பர் மட்டும் புதுசு, 720. பேக்ஹேண்ட் அவன் உரித்துக் கொடுத்தது, சும்மா. பசை நாங்கள் மூன்று பேர் பங்கு, ஆளுக்கு 110. மொத்தம் 1,330. பசை வெள்ளையாக இருக்கும்போதே ஒட்டிவிட்டேன்.

20 ஏப்ரல், இரவு

தெரியும். எல்லோரும் ஒருமுறை செய்வோம். மெதுவாக உரித்து, முழுக்கக் காயவிட்டு, பழைய பசையைக் கட்டைவிரலால் தேய்த்து உருட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். ஆடி முடித்ததும் ஈரத்துணியால் ரப்பரைத் துடைத்து, அதோடு வந்த பிளாஸ்டிக் தாளை மேலே போட்டு வையுங்கள். வண்டி டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள். மே மாத டிக்கி ஒரு அடுப்பு.

3 ஆகஸ்ட்

‘ரெடிமேட் வாங்கினால் பணம் தண்டம்’ என்றேன். பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

அக்கா மகனுக்கு ஒன்பது வயது. மாமா பெருமையில் அவனுக்கு ஒரு பேட் ஒட்டிக் கொடுத்தேன், வார்னிஷ், டேப் எல்லாம் போட்டு. இரண்டு வாரத்தில் கொண்டுவந்தான். தாழ்ந்து வருகிற ஒவ்வொரு பந்துக்கும் பேட்டோடு மேசையையும் அடித்திருக்கிறான். ஓரத்தில் மூன்று இடத்தில் பிளை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. நுனி ரப்பர் கிழிந்திருந்தது. ‘பந்துதான் மாமா கீழே வருது’ என்றான். அவனுக்கு இப்போது 600 ரூபாய் ரெடிமேட் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பெரியவர்கள் ஹேண்டில் அவன் கைக்குப் பருமனாக இருந்தது, உப்புத்தாள் போட்டு இரண்டு பக்கமும் இழைத்துவிட்டேன். 600 ரூபாய் பேட்டில் தைரியமாக உப்புத்தாள் போடலாம், அது ஒரு வசதி. ரப்பர் வழுக்குகிறதுதான். அவன் இன்னும் பந்தைத் திருப்பி அனுப்பவே கற்றுக்கொண்டிருக்கிறான், சுழலுக்கு இப்போது என்ன அவசரம்?

வாரத்துக்கு மூன்று நாளாவது ஆடுகிறவருக்கு நான் சொன்னது அப்படியே நிற்கிறது. ரெடிமேடில் ரப்பர் செத்தால் பேட்டே போச்சு; பசை இறுகியிருப்பதால் உரிப்பதும் லேசில்லை. ஒட்டிய பேட்டில் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதும். மாதத்துக்கு ஒருமுறை சும்மா ஆடப்போகிறீர்கள் என்றால் ரெடிமேட் வாங்குங்கள், அந்தக் கார்பன் மட்டும் வேண்டாம். அதில் நான் மாறவில்லை.

7 டிசம்பர்

ஃபோர்ஹேண்ட் ரப்பர் போய்விட்டது. வாயால் ஊதித் துடைத்தால் ஐந்து நிமிஷம் பிடிக்கும், அப்புறம் மறுபடி வழுக்கல். நடுவில் பந்து படும் இடம் மட்டும் பளபளப்பில்லாமல் வெளுத்து, ஒரு வட்டம். 14 மாதம் வந்திருக்கிறது, வாரம் நாலு நாள். 510 ரூபாய்க்கு இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

உரித்தேன். ஹேண்டில் பக்கம் மூலையிலிருந்து மெதுவாக, கோணலாக. மரத்தில் ஒரு நார்கூட வரவில்லை. பசை முழுசும் மெல்லிய தோலாக ஸ்பாஞ்சிலேயே நின்றது. அதைத் தேய்த்துச் சுருட்டியபோது நெல்லிக்காய் அளவுக்கு ஓர் உருண்டை சேர்ந்தது. மேசையில் போட்டேன். முழங்கை உயரத்துக்கு எழும்பியது. அக்கா மகன் பார்த்துக்கொண்டே இருந்தான், புது ரப்பரை வெட்டி முடிப்பதற்குள் உருண்டையைக் காணோம். இப்போது ஹாலில் சுவரில் அடிபடுகிற சத்தம் கேட்கிறது.